கோச் தேடல் வதந்திகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பாவில் ஏதாவது ஒரு பெரிய கால்பந்து கிளப் புதுப் பயிற்சியாளரைத் தேடத் தொடங்கினால் போதும், எங்கள் நண்பர்கள் குழுவில் அதே சந்தேகங்கள் மறுபடி வந்து நிற்கும். கேட்பவர் மாறுவார், கேள்வி மாறாது. அதனால் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். எடுத்துக்காட்டுக்குப் பெரும்பாலும் 2024-ல் பயர்ன் மியூனிக் நடத்திய தேடலையே பிடித்துக்கொள்கிறேன். அது ஊரறிய நடந்தது, முடிவும் தெரிந்துவிட்டது. எந்த வதந்தி எதுவரை உண்மை என்று இன்று நிதானமாகச் சொல்ல முடிகிறது. கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

2024-ல பயர்ன்ல என்னதான் நடந்துச்சு? முதல்ல அதைச் சுருக்கமா சொல்லுங்க.

2013 முதல் 2023 வரை தொடர்ந்து 11 முறை ஜெர்மன் லீக்கை வென்ற கிளப் பயர்ன். 2024 பிப்ரவரியில் ஒன்பது நாளுக்குள் மூன்று தோல்வி: லெவர்குசனிடம் 3-0, சாம்பியன்ஸ் லீக்கில் லாட்சியோவிடம் 1-0, போகுமிடம் 3-2. கோச் தாமஸ் டூஹலுக்கு 2025 ஜூன் வரை ஒப்பந்தம் இருந்தது. ஆனாலும் இந்த சீசனோடு பிரிகிறோம் என்று பிப்ரவரி 21 அன்று அறிவிப்பு வந்தது.

மார்ச் 29 அன்று, முதல் விருப்பமான ஷாபி அலோன்சோ, தான் கோச்சாக இருந்த லெவர்குசனிலேயே இருக்கப்போவதாகச் சொன்னார். ஏப்ரல் 19 அன்று யூலியான் நாகல்ஸ்மன் ஜெர்மன் தேசிய அணியுடனான ஒப்பந்தத்தை 2026 உலகக் கோப்பை வரை நீட்டித்தார். மே 2 அன்று ஆஸ்திரிய அணியின் கோச் ரால்ஃப் ராங்னிக் மறுத்தார். மே 17 அன்று, டூஹலையே வைத்துக்கொள்ள நடந்த பேச்சும் முறிந்தது. மே 29 அன்று வின்சென்ட் கொம்பனி அறிவிக்கப்பட்டார். முதல் அறிவிப்பிலிருந்து எண்ணினால் பதினான்கு வாரம். அந்தப் பதினான்கு வாரமும் தினமும் ஒரு பெயர்.

சீசன் முடிஞ்சப்புறம் சொல்லியிருக்கலாமே? நடுவுல எதுக்கு அறிவிச்சாங்க?

தோல்விகளால் வந்த நெருக்கடியை ஆற்றுவதற்கு. உடனே நீக்கினால் நடுவழியில் வருவதற்கு நல்ல ஆள் கிடைக்க மாட்டார். நீக்காமல் மௌனமாக இருந்தால் தினமும் 'டூஹல் எப்போது போவார்' என்ற கேள்விதான். 'ஜூன் வரை இருப்பார், பிறகு போவார்' என்றால் அந்தக் கேள்வி மூடப்படும்.

மூடப்பட்டது உண்மைதான், அதைவிடப் பெரிய கேள்வி திறந்துகொண்டது. நாற்காலி காலி என்று கிளப்பே சொன்ன பிறகு, யார் பெயரை எழுதினாலும் அது செய்தி. இன்னொரு சிக்கலும் இருந்தது. அதே ஆண்டு ஜனவரி 26 அன்று லிவர்பூலை விட்டுப் போவதாக அதன் கோச் யூர்கன் க்ளாப் அறிவித்திருந்தார். இரண்டு பெரிய நாற்காலிகள் ஒரே வசந்தத்தில் காலி. அலோன்சோ லிவர்பூலுக்கும் ஆடியவர், பயர்னுக்கும் ஆடியவர். வதந்திக்கு இதைவிட நல்ல மண் கிடைக்காது.

முடிவு எடுக்கிறது யாரு? ஓனரா?

இங்கிலாந்தில் பல கிளப்களுக்கு ஒரே முதலாளி உண்டு. பயர்னில் அப்படி இல்லை. கால்பந்து நிறுவனத்தின் 75 சதவீதம் உறுப்பினர்களின் சங்கத்திடம். மீதியை அடிடாஸ், ஆடி, அலியான்ஸ் என்ற மூன்று நிறுவனங்கள் ஏறக்குறைய சமமாகப் பிரித்து வைத்திருக்கின்றன.

2024-ல் தேடலை நடத்தியவர்கள் விளையாட்டுத் துறை இயக்குநர் கிறிஸ்டோஃப் ஃப்ராய்ண்ட்டும், மார்ச் 1 அன்றுதான் நிர்வாகக் குழுவில் சேர்ந்த மாக்ஸ் எபர்லும். அவர்களுக்கு மேலே தலைமை நிர்வாகி யான்-கிறிஸ்டியன் ட்ரேசன், தலைவர் ஹெர்பர்ட் ஹைனர். மேற்பார்வைக் குழுவில் பழைய ஜாம்பவான்கள் கார்ல்-ஹைன்ஸ் ரும்மனிகேயும் உலி ஹோனஸும். ஹோனஸ் பெயரளவில் கௌரவத் தலைவர். மைக்கைக் கண்டால் அந்தக் கௌரவம் சும்மா இருக்காது. இத்தனை பேருக்கும் விஷயம் தெரியும்போது ரகசியம் காப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

விளம்பரம் போட்டு, விண்ணப்பம் வாங்கி எடுக்கலாமே? எதுக்கு இந்த ஒளிவு மறைவு?

பெரிய கிளப்கள் அப்படிச் செய்வதில்லை. வேண்டிய ஆள் ஏற்கெனவே வேறு எங்கோ வேலையில் இருப்பார். அவர் விண்ணப்பம் போட்டதாகத் தெரிந்தால் இருக்கிற இடத்தில் மரியாதை போய்விடும். அதனால் ஏஜென்ட் வழியாக மெதுவாகக் காதில் போட்டுப் பார்ப்பார்கள்.

தேசியச் சம்மேளனங்கள் சில நேரம் விளம்பரம் கொடுக்கும். அதிலும் கூத்து உண்டு. 2025 ஜூலையில் இந்திய அணிக்குக் கோச் தேடியபோது அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்துக்கு 170 விண்ணப்பங்கள் வந்தன. பார்சிலோனாவின் முன்னாள் கோச் ஷாவி விண்ணப்பித்தார், சம்பளம் கட்டாது என்று விட்டுவிட்டார்கள் என்று செய்தி வர, உலகமே திரும்பிப் பார்த்தது. மறுநாள் சம்மேளனமே அறிக்கை விட்டது: ஷாவி பெயரிலும், மான்செஸ்டர் சிட்டியின் அப்போதைய கோச் பெப் கார்டியோலா பெயரிலும் வந்த மின்னஞ்சல்கள் உண்மையானவை அல்ல. வேலூரில் படிக்கும் 19 வயது மாணவர் ஒருவர் ஷாவி பெயரில் அனுப்பியது தான்தான் என்று சொன்னதாகப் பிறகு செய்திகள் வந்தன. கடைசியில் ஆகஸ்ட் 1 அன்று காலித் ஜமில் நியமிக்கப்பட்டார். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தச் செய்தியை எழுதியவர்கள் கற்பனை செய்யவில்லை. விண்ணப்பம் வந்தது உண்மை, அனுப்பியவர்தான் ஷாவி இல்லை.

நியூஸ் எப்படித்தான் வெளிய கசியுது? உள்ள இருக்கிறவங்களே சொல்றாங்களா?

பெரும்பாலும் ஆமாம். ஆனால் 'உள்ளே' என்பது கிளப் மட்டும் அல்ல. கோச்சின் ஏஜென்ட், அவருடைய உதவியாளர்களாக வரப்போகிறவர்கள், இப்போதைய கிளப், போட்டிக்கு நிற்கும் இன்னொரு கிளப், இவர்கள் எல்லோரிடமும் செய்தியின் ஒரு துண்டு இருக்கும்.

யார் சொன்னார் என்பதைவிட, இது வெளியே வந்தால் யாருக்கு லாபம் என்று கேட்பது பயன் தரும். ஒப்பந்தம் முடியப்போகிற கோச்சின் பெயர் பெரிய கிளப்போடு சேர்ந்து அடிபட்டால், இருக்கிற கிளப் சம்பளத்தை ஏற்றிக் கொடுக்கும். 2024 வசந்தத்தில் பயர்னோடு பெயர் சேர்ந்தவர்களில் ஸ்டுட்கார்ட்டின் செபாஸ்டியன் ஹோனஸ் (உலி ஹோனஸின் சகோதரர் மகன்) மார்ச்சிலும், ஆஸ்டன் வில்லாவின் உனாய் எமெரி ஏப்ரலிலும் தங்கள் ஒப்பந்தங்களை 2027 வரை நீட்டித்தார்கள். வதந்தியை அவர்கள் தரப்பு கிளப்பியது என்று நான் சொல்லவில்லை. வதந்தியால் அவர்களுக்கு நஷ்டம் இல்லை, அவ்வளவுதான்.

கசிவு கொடுமையாகவும் முடியும். 2023 மார்ச்சில் பயர்ன் நாகல்ஸ்மனை நீக்கியபோது, 23-ஆம் தேதி இரவே நிருபர்கள் எழுதிவிட்டார்கள். அதிகாரபூர்வ அறிவிப்பு மறுநாள்தான். அவர் அப்போது பனிச்சறுக்கு விடுமுறையில் இருந்தார்.

'பேச்சுவார்த்தை நடக்கிறது'ன்னு தினமும் போடுறாங்க. அதுக்கு என்னதான் அர்த்தம்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். ஒரு கோச் வேலைக்கு வருவதற்கு முன்னால் பல படிகள் இருக்கின்றன. கிளப்பின் பட்டியலில் பெயர் ஏறுவது முதல் படி. ஏஜென்டிடம் 'உங்கள் ஆள் யோசிப்பாரா' என்று விசாரிப்பது அடுத்தது. பிறகு கோச்சோடு நேரில் பேச்சு, அவருடைய வாய்மொழிச் சம்மதம், அவர் வேறு கிளப்பில் இருந்தால் அந்தக் கிளப்போடு இழப்பீட்டுப் பேரம், கடைசியில் கையெழுத்து.

இதில் எந்தப் படியில் நின்றாலும் தலைப்பில் 'பேச்சுவார்த்தை' என்ற ஒரே சொல்தான் வரும். ஜாதகம் வாங்கிப் போனதையும் நிச்சயதார்த்தத்தையும் ஒரே மாதிரி ஊருக்குச் சொன்னால் என்ன ஆகும்? அதுதான் இங்கே தினமும் ஆகிறது. ஏஜென்டுக்கு ஒரு போன் போடச் செலவு இல்லை. ஒரே வாரத்தில் ஐந்து பேருக்குப் போடலாம், ஐந்தும் செய்தியாகும், ஐந்தும் உண்மையாகவே இருக்கும். இழப்பீட்டுப் பேரம் அப்படி இல்லை. அங்கே இன்னொரு கிளப்பின் நிர்வாகம் உட்கார வேண்டும், பணம் பேச வேண்டும். அந்தப் படியைப் பற்றி நம்பகமான இரண்டு மூன்று பேர் தனித்தனியே எழுதினால்தான் நான் நிமிர்ந்து உட்காருவேன்.

அலோன்சோ வர்றார்னு எல்லாருமே எழுதுனாங்க. அப்ப மொத்தமும் பொய்யா?

பொய் இல்லை, பாதி வழி. பயர்னுக்கு அவர்தான் முதல் விருப்பம் என்பதை ஹோனஸே பிறகு பேசியிருக்கிறார். 2014 முதல் 2017 வரை அங்கே ஆடியவர், அந்த சீசனில் லெவர்குசனைத் தோல்வியே இல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தவர். விரும்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நிருபர்கள் சறுக்கிய இடம் வேறு. கிளப் என்ன விரும்புகிறது என்பது நன்றாகத் தெரிந்திருந்தது. அலோன்சோ என்ன விரும்புகிறார் என்பது அவருக்கும் நெருங்கிய சிலருக்கும்தான் தெரிந்திருந்தது. முதலாவதை வைத்து இரண்டாவதை ஊகித்தார்கள். 'பயர்ன் கூப்பிட்டால் யார் மறுப்பார்' என்பது ஊகம், தகவல் அல்ல. மார்ச் 29 பேட்டியில் அவர் தங்குவதாகச் சொன்னார். ஏப்ரல் 14 அன்று பிரேமனை 5-0 என்று வென்று லெவர்குசன் அதன் முதல் லீக் பட்டத்தை எடுத்தது.

துரத்திவிட்ட நாகல்ஸ்மனையே ஒரு வருஷத்துல திரும்பக் கூப்பிட்டாங்களா? இது சும்மா கிளப்பிவிட்டதுதானே?

கேட்கும்போது கட்டுக்கதை மாதிரிதான் இருக்கும். ஆனால் அவரை நீக்கிய ஆலிவர் கானும் ஹசன் சாலிஹாமிட்ஸிச்சும் 2023 மே 27 அன்று, கடைசி நாளில் பட்டம் வென்ற அன்றே, பதவி இழந்துவிட்டார்கள். 2024-ல் கூப்பிட்டவர்கள் வேறு ஆட்கள். நாற்காலியில் ஆள் மாறினால் பழைய கோபம் புதியவரைக் கட்டாது.

எது நம்ப முடியாததாக இருக்கிறதோ அது பொய் என்று முடிவுகட்டாதீர்கள். எல்லா அம்சங்களும் கச்சிதமாகப் பொருந்துகிற கதையையே நான் கூடுதலாகச் சந்தேகிப்பேன்.

ராங்னிக் தானே வாயைத் திறந்து ஒத்துக்கிட்டாரே, அப்புறம் எப்படி நின்னுபோச்சு?

அவர் ஒத்துக்கொண்டது தொடர்பு இருந்ததைத்தான். ஏப்ரலில் ஓர் ஆஸ்திரிய ஊடகத்திடம், பயர்ன் தன்னிடம் பேசியது, அது ஆஸ்திரியச் சம்மேளனத்துக்கும் தெரியும் என்று சொன்னார். மேலே சொன்ன படிகளில் அது மூன்றாவது. படித்தவர்கள் ஆறாவது என்று எடுத்துக்கொண்டார்கள்.

நடுவில் ஹோனஸ் ஒரு மேடையில் ஏறினார். அலோன்சோ, நாகல்ஸ்மன் ஆகியோருக்குப் பிறகு ராங்னிக் மூன்றாவது விருப்பம் என்பதைப் பகிரங்கமாகப் போட்டுடைத்தார். அதே மேடையில், இளம் வீரர்களை வளர்க்க முடியும் என்று டூஹல் நினைப்பதில்லை என்றும் குறை சொல்ல, ரியல் மாட்ரிட்டுக்கு எதிரான அரையிறுதிக்குச் சில நாள் முன்னால் டூஹல் புண்பட்டு நின்றார். மூன்றாவது விருப்பம் என்று ஊருக்கே சொன்னதுதான் ராங்னிக்கின் மனத்தை மாற்றியது என்று பலர் எழுதினார்கள். அவர் சொன்ன காரணம் அதுவல்ல: இது பயர்னுக்கு எதிரான முடிவு இல்லை, தன் அணிக்கும் அதன் இலக்குகளுக்கும் ஆதரவான முடிவு என்றார். ஐரோப்பிய நாடுகளுக்கான கோப்பை, யூரோ 2024, ஆறு வாரத்தில் வர இருந்தது. அந்தப் போட்டியில் பிரான்ஸும் நெதர்லாந்தும் இருந்த பிரிவில் ஆஸ்திரியா முதலிடம் பிடித்தது. நான் அவர் சொன்னதையே நம்புகிறேன்.

கிளப் மறுத்துட்டா அது பொய்னு எடுத்துக்கலாமா?

மறுப்பின் வாசகத்தைப் படியுங்கள். 'இன்று எந்த ஒப்பந்தமும் இல்லை' என்பது பேச்சு நடக்கவில்லை என்று ஆகாது. 'ஊகங்களுக்குப் பதில் சொல்ல மாட்டோம்' என்பது மறுப்பே இல்லை. 'அவரோடு பேசவில்லை' என்றால் ஏஜென்டோடு பேசியிருக்கலாம்.

மௌனத்துக்கும் காரணம் உண்டு. முந்திக்கொண்டு சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு 2018 சாட்சி. ஸ்பெயின் அணியின் கோச் ஹூலன் லோபெத்தேகியை ரியல் மாட்ரிட் ஜூன் 12 அன்று அறிவித்தது. உலகக் கோப்பை தொடங்குவதற்கு முந்தைய நாள், ஜூன் 13 அன்று, ஸ்பெயின் அவரை வேலையை விட்டே நீக்கியது.

பங்குச் சந்தையில் இருக்கும் கிளப்களின் கதை தனி. அவை விலையைப் பாதிக்கும் தகவலை மறைக்க முடியாது. 2024 அக்டோபரில் மான்செஸ்டர் யுனைடெட் ருபென் அமோரிமைக் கேட்டபோது, அவர் கோச்சாக இருந்த லிஸ்பனின் ஸ்போர்ட்டிங் கிளப், போர்ச்சுகலின் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்புக்கே எழுதிக்கொடுத்தது: யுனைடெட் ஆர்வம் தெரிவித்திருக்கிறது, ரிலீஸ் தொகையான (ஒப்பந்தத்திலிருந்து அவரை விடுவிக்கத் தர வேண்டிய) 10 மில்லியன் யூரோவைத் தரத் தயார். நிருபர்களுக்கு அன்று ஓய்வு. ஜெர்மனியில் டோர்ட்மண்ட் 2000 முதல் சந்தையில் இருக்கிறது. பயர்ன் சந்தையில் இல்லை. அதனால் அங்கே அப்படிப்பட்ட காகிதம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

ஒவ்வொரு தடவையும் ஜிதான் பெயர் எப்படி வருது?

2021 மே மாதம் ரியல் மாட்ரிட் கோச் பதவியை விட்டதிலிருந்து அவர் எந்தக் கிளப்புக்கும் போகவில்லை. வேலை இல்லாத பெரிய பெயர் என்றால் இழப்பீடு தேவையில்லை, மறுக்க ஒரு கிளப்பும் இல்லை. எழுதுவதற்குச் சௌகரியம். 2024-ல் பயர்ன் பட்டியலிலும் அவரைச் சேர்த்தார்கள். அடுத்த முறையும் சேர்ப்பார்கள்.

பெட்டிங் சைட்ல ஒரு கோச்சோட ஆட்ஸ் சட்டுனு இறங்கிடுச்சு. யாருக்கோ தெரிஞ்சிருக்கு இல்ல?

ஆட்ஸ் என்பது, பந்தயத்தில் ஜெயித்தால் எத்தனை மடங்கு கிடைக்கும் என்ற விகிதம். அது இறங்கினால், சில நேரம் யாருக்கோ தெரிந்திருக்கலாம். பெரும்பாலும் அது வதந்தியின் நிழல்தான். 'அடுத்த கோச் யார்' என்ற பந்தயத்தில் புரளும் பணம் ஒரு பெரிய ஆட்டத்தின் மீது புரள்வதைவிட மிகக் குறைவு. சின்னச் சின்னத் தொகைகள் வந்தாலே பந்தய நிறுவனம் பயந்து ஆட்ஸைக் குறைக்கும். ஒரு நிருபர் பெயரை எழுதுகிறார், ரசிகர்கள் பணம் வைக்கிறார்கள், ஆட்ஸ் இறங்குகிறது, 'ஆட்ஸ் இறங்கியது' என்று இன்னொரு செய்தி. மூன்று செய்தி போலத் தெரியும், ஊற்று ஒன்றுதான்.

ஃபாப்ரிட்சியோ ரொமானோ 'ஹியர் வி கோ' போட்டா முடிஞ்ச மாதிரிதானே?

ரொமானோ இத்தாலிய நிருபர். அந்தச் சொல்லை எல்லாத் தரப்பும் சம்மதித்த பிறகுதான் போடுவதாக அவர் வைத்திருக்கிறார், பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதற்கு முந்தைய அவருடைய பதிவுகளையும் அதே கனத்தோடு எடுத்துக்கொள்வதுதான் தவறு. 'பட்டியலில் இருக்கிறார்' என்று அவர் எழுதினால் அது முதல் படிதான், எழுதியவர் பெரியவர் என்பதால் படி உயராது.

பயர்ன் விஷயத்தில் நான் முதலில் பார்ப்பது உள்ளூர்க்காரர்களை: ஸ்கை ஜெர்மனியின் ஃப்ளோரியன் ப்ளெட்டன்பெர்க், 'பில்ட்' குழுமத்தின் கிறிஸ்டியன் ஃபால்க், பிறகு 'கிக்கர்' இதழ். ஃபால்க் மற்றவர்களின் வதந்திகளுக்கு 'உண்மை', 'உண்மை இல்லை' என்று முத்திரை குத்துவதில் பிரியமுள்ளவர். தினமும் பயிற்சித் திடலுக்குப் போகிறவர்களுக்கும் வேறு நாட்டில் உட்கார்ந்து போனில் கேட்பவர்களுக்கும் வித்தியாசம் உண்டு.

நீல டிக்கை மட்டும் நம்ப வேண்டாம். காசு கொடுத்தால் கிடைக்கும் காலம் இது. ரொமானோவின் படத்தையே வைத்து, பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிய கணக்குகள் இருக்கின்றன. குழுவில் பகிர்வதற்கு முன் கணக்கின் பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்துவிடுங்கள்.

இழப்பீடு 10 மில்லியன்னு ஒருத்தர், 12-ன்னு ஒருத்தர். எது சரி?

கொம்பனிக்காக, அவர் அப்போது இருந்த இங்கிலாந்து கிளப் பர்ன்லிக்கு பயர்ன் கொடுத்த தொகையை இரு கிளப்பும் வெளியிடவில்லை. ஊடகங்கள் 10 முதல் 12 மில்லியன் யூரோ என்று எழுதின. இரண்டு எண்ணும் ஒரே ஒப்பந்தத்தின் இரண்டு பார்வையாக இருக்கக்கூடும்: இப்போது தருவது ஒன்று, வெற்றிகளுக்கு ஏற்பப் பின்னால் தருவது சேர்த்து இன்னொன்று. விற்கும் தரப்பிலிருந்து வரும் எண் பெரிதாகவும், வாங்கும் தரப்பிலிருந்து வரும் எண் சிறிதாகவும் இருப்பது வழக்கம்.

வீரர்களுக்கு இருப்பது போன்ற டிரான்ஸ்ஃபர் விண்டோ (கிளப் மாற அனுமதிக்கும் காலம்) கோச்களுக்குக் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். அதனால்தான் இந்த வதந்திக்கு மாதக் கணக்கு இல்லை, நவம்பரிலும் வரும்.

கடைசியில டூஹலே இருப்பார்னு வந்துச்சே, அது வெறும் வதந்திதானே?

இல்லை. அந்தச் செய்தி வந்தபோது சிரித்தவர்கள் நிறையப் பேர். ராங்னிக் மறுத்த பிறகு கிளப் உண்மையாகவே டூஹலோடு மறுபடி உட்கார்ந்தது. அவரை வைத்துக்கொள்ளச் சொல்லும் ரசிகர்களின் இணைய மனுவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டிருந்தார்கள். சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் மாட்ரிட்டிடம் கடைசி நிமிடங்களில்தான் தோற்றிருந்தார்கள். மே 17 அன்று டூஹலே பத்திரிகையாளர் கூட்டத்தில், பேச்சு நடந்தது, உடன்பாடு வரவில்லை, பிப்ரவரியில் சொன்னதே நிற்கிறது என்றார்.

இதில் ஒரு நுணுக்கம். 'பிரிகிறோம்' என்ற அதிகாரபூர்வ அறிவிப்பையே மூன்று மாதத்தில் திருத்தப் பார்த்தார்கள். வதந்தியைச் சந்தேகிப்பவர்கள் அறிவிப்பையும் முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கொம்பனி பெயரை யாருமே சொல்லலையே? அப்ப பதினாலு வாரமும் வீண்தானா?

மே 20-ஐ ஒட்டிய நாட்களில்தான் அவர் பெயர் வலுவாக வெளிவந்தது. அதுவரை டி செர்பி, ஃப்ளிக், க்ளாஸ்னர் என்று பெயர்கள் ஓடின. ஃப்ளிக்கை பார்சிலோனா அறிவித்ததும் அதே மே 29-தான். கொம்பனியின் பர்ன்லி அந்த சீசனில் 24 புள்ளிகளோடு 19-வது இடம் பிடித்து பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியிருந்தது. இறங்கிய அணியின் கோச்சை பயர்னோடு சேர்த்து ஏப்ரலில் எழுதியிருந்தால் அந்த நிருபரைக் கேலி செய்திருப்போம்.

நிருபர்கள் தோற்றார்கள் என்று சொல்ல மாட்டேன். அலோன்சோ, நாகல்ஸ்மன், ராங்னிக், டூஹல் என்ற வரிசை அப்படியே சரி, நான்கிலும் பேச்சோ ஆர்வமோ நிஜம். ஏப்ரலில் கொம்பனியை எழுத முடியாததற்கு, அப்போது கிளப்பே அவரிடம் போயிருக்கவில்லை என்பது போதுமான காரணம். இல்லாத செய்தியைத் தவறவிட்டதாகக் குறை சொல்ல முடியுமா? அவர்கள் மீது எனக்கு உள்ள குறை வேறு. விசாரித்ததை 'வருகிறார்' என்று தலைப்பிட்டார்கள்.

அஞ்சாறு பேர் வேணாம்னு சொன்னப்புறம் வந்தவர்னா, தரம் குறைஞ்சவர்னுதானே அர்த்தம்?

விருப்ப வரிசை கோச்சின் தரத்தைச் சொல்வதில்லை, அந்த வாரம் யார் கிடைப்பார் என்ற கிளப்பின் ஊகத்தைச் சொல்கிறது. கொம்பனி 2006 முதல் 2008 வரை ஹாம்பர்கில் ஆடியவர், ஜெர்மன் பேசுவார். அதற்கு முந்தைய சீசனில் இதே பர்ன்லியை 101 புள்ளிகளோடு இரண்டாம் பிரிவிலிருந்து மேலே ஏற்றியவர். கார்டியோலா அவரைப் பற்றி நல்லபடியாகச் சொன்னதாக ரும்மனிகே பேசியிருக்கிறார். முதல் சீசனிலேயே, 2024-25-ல், லீக் பட்டம் திரும்ப வந்தது. ஹாரி கேனுக்கு அதுதான் முதல் பெரிய கோப்பை.

தமிழ்ல வர்ற கால்பந்து நியூஸை இந்த விஷயத்துல நம்பலாமா?

எழுதுபவர் மூலத்தைச் சொல்கிறாரா என்று மட்டும் பாருங்கள். ஜெர்மன் நிருபர் எழுதியதை ஆங்கிலத் தளம் சுருக்கி, அதை இன்னொரு தளம் பெருக்கி, நம்மிடம் வரும்போது 'கூடும்' என்பது 'ஆகிவிட்டது' ஆகியிருக்கும். 'ஐரோப்பிய ஊடகங்கள் தெரிவிக்கின்றன' என்று மொட்டையாக இருந்தால் நான் மேலே படிப்பதில்லை. தேதியும் முக்கியம். அலோன்சோ மறுத்த பிறகும் அவர் பயர்னுக்கு வருவதாகச் சொல்லும் பழைய காணொளி குழுக்களில் சுற்றிக்கொண்டிருந்தது.

கையெழுத்துப் போட்டாச்சுன்னா அதோட வதந்தி ஓஞ்சுதா?

அதுவும் உறுதி இல்லை. 2016 ஜூலை 6 அன்று மார்செலோ பியெல்சாவை லாட்சியோ கோச்சாக அறிவித்தது. இரண்டே நாளில் அவர் விலகிவிட்டார்.

கொம்பனிக்கு 2027 வரைதான் முதல் ஒப்பந்தம். அவர் ஜெயிக்கத் தொடங்கியதும் அடுத்து எந்தக் கிளப் அவரைத் தூக்கும் என்ற பேச்சு வந்தது, அதற்கும் மேலே சொன்ன படிகளே பொருந்தும். 2025 அக்டோபரில் பயர்ன் அவருடைய ஒப்பந்தத்தை 2029 வரை நீட்டித்தது. அன்று மாலையே எங்கள் குழுவில் ஒருவர் கேட்டார், 'அப்ப 2029-ல யாரு?'